மூன்றாம் மாதத்து பிலிருபின்

அனைவருக்கும் வணக்கம். இந்த அரங்கில் செவிலியர்கள் இருக்கிறீர்கள், குழந்தை மருத்துவம் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள், பெற்றோரும் சிலர் வந்திருக்கிறீர்கள். அதனால் பெற்றோர் கேட்கும் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன்: "ஆபரேஷன் செஞ்சா பிள்ளைக்குச் சரியாயிடுமா டாக்டர்?"

நோயின் பெயர் பிலியரி அட்ரீசியா. பிறந்த சில வாரங்களுக்குள், ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் நாளம் அழற்சியால் சுருங்கி, வெறும் நாராகி அடைபட்டுப்போகிறது. பித்தம் ஈரலுக்குள்ளேயே தேங்கி, ஈரல் தழும்பேறி இறுகுகிறது. ஐரோப்பாவில் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு வருகிறது; தைவானில் இன்னும் அதிகம். ஒன்றும் செய்யாமல் விட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

1955-ல் ஜப்பானின் செண்டாய் நகரில் மோரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் ஒரு வழி கண்டார். நாராகிப்போன நாளத்தை முழுக்க வெட்டியெடுத்துவிட்டு, ஈரலின் வாசலிலேயே குடலைக் கொண்டுவந்து தைத்தார். அந்த வெட்டுப்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் மிச்சமிருந்தால், அவை வழியே பித்தம் குடலுக்குள் வடியும். இந்த 'மிச்சமிருந்தால்' என்பதில்தான் நம் பேச்சு முழுவதும் இருக்கிறது. 1959-ல் அவர் இதை ஜப்பானிய மொழியில் எழுதினார். வெளிநாட்டு மருத்துவர்கள் நம்பி ஏற்றுக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று.

சரி, யாருக்கு வடியும், யாருக்கு வடியாது? ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல முடியுமா? முதலில் பார்ப்பது வயது. 60 நாளுக்குள் செய்தால் நல்லது, 90 நாளைத் தாண்டினால் வாய்ப்பு குறைகிறது. ஆனால் 40-ஆம் நாளில் செய்தும் பித்தம் வடியாத குழந்தைகள் உண்டு. 100 நாளுக்குப் பிறகு வந்து நன்றாகத் தேறியவர்களும் உண்டு. மண்ணீரல் பலவாகப் பிரிந்திருப்பது, இதயக் கோளாறு போன்ற பிறவிக் குறைகள் சேர்ந்திருந்தால் பலன் சுமார்தான். ஈரலில் தழும்பு எவ்வளவு என்பதை பயாப்சியில், அதாவது ஈரலிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதித்து, பார்க்கிறோம். வெட்டுப்பரப்பில் உள்ள நுண்குழாய்களின் விட்டத்தை மைக்ரானில் அளந்து பார்த்தவர்களும் உண்டு. இவையெல்லாம் நூறு குழந்தைகளைப் பற்றி ஏதாவது சொல்லும். உங்கள் மடியில் இருக்கும் ஒரு குழந்தையைப் பற்றி அதிகம் சொல்லாது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒருவர் பெற்றோரிடம் "எழுபது சதவீதம்" என்று அடித்துச் சொன்னால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

நம்பத்தகுந்த பதில் கொஞ்சம் தாமதமாக வருகிறது. அமெரிக்காவின் குழந்தை ஈரல் மையங்கள் சேர்ந்து 137 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2016-ல் முடிவை வெளியிட்டன. பிலிருபின் என்பது பித்தத்தில் உள்ள மஞ்சள் நிறப்பொருள்; பித்தம் வடியாவிட்டால் ரத்தத்தில் ஏறும். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் ரத்தத்தில் மொத்த பிலிருபின் டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியதா என்று மட்டும் பார்த்தார்கள். இறங்கிய குழந்தைகளில் 86 சதவீதம் பேர் இரண்டு வயதில் சொந்த ஈரலோடு, அதாவது ஈரல் மாற்று அறுவை இல்லாமலே, உயிருடன் இருந்தார்கள். இறங்காதவர்களில் 20 சதவீதம் பேர்தான். எந்தச் சிறிய ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடிய சாதாரண ரத்தப் பரிசோதனை இது. ஈரல் திசுவில் 14 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து கணிக்கும் முறையும் வந்திருக்கிறது. அதோடும் இந்த மூன்றாம் மாத பிலிருபினைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் கணிப்பு நன்றாக அமைந்தது.

அந்த எண்ணை மருந்தால் இறக்க முடியாதா என்று கேட்பீர்கள். ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். 140 குழந்தைகள், பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி. ஆறாம் மாதத்தில் பித்தம் நன்றாக வடிந்தது மருந்து வாங்கியவர்களில் 58.6 சதவீதம், போலி வாங்கியவர்களில் 48.6. பத்து சதவீதம் கூடுதல்தானே என்று தோன்றும். இத்தனை சின்னக் கூட்டத்தில் அது தற்செயலாகவும் வரலாம். இரண்டு வயதில் சொந்த ஈரலோடு இருந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

நம் கையில் இருப்பது, குழந்தை நம்மிடம் வந்து சேரும் நாள். தைவானில் 2004 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் தரும் குழந்தை நலப் புத்தகத்தில் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டை இருக்கிறது. வெளிறிய நிறமா, உடனே கூப்பிடு, அவ்வளவுதான். அட்டை வருவதற்கு முன்பு, ஐந்து ஆண்டுக்குப் பிறகு காமாலை இல்லாமல் சொந்த ஈரலோடு இருந்தவர்கள் சுமார் 27 சதவீதம். அதற்குப் பிறகு 64. பெருமை முழுவதையும் அட்டைக்கே கொடுத்துவிட முடியாது, மருத்துவமும் அந்த ஆண்டுகளில் வளர்ந்தது. இருந்தாலும் ஒரு காகித அட்டைக்கு இது பெரிய காரியம். இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1999-ல் இந்த ஆபரேஷனை லண்டன், பர்மிங்காம், லீட்ஸ் என்ற மூன்று ஊர்களுக்குள் அடக்கிவிட்டார்கள். அடிக்கடி செய்கிற கைக்குப் பலன் கூடுதல் என்று கண்ட பிறகு எடுத்த முடிவு அது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, சிரிக்கிறது, கொழுகொழுவென்று இருக்கிறது. கண் மட்டும் மஞ்சள். "காலை வெயிலில் காட்டு, போயிடும்" என்று பாட்டி சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், சில நேரம் டாக்டரே சொல்கிறார். 14 நாளுக்குப் பிறகும் காமாலை இருந்தால் நேரடி பிலிருபின், அதாவது ஈரல் பக்குவப்படுத்திப் பித்தத்தில் அனுப்பும் பகுதி, ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தே ஆகவேண்டும். வெயில் அதைக் குறைக்காது.

மூன்றாம் மாதத்து எண் மோசமாக வந்தால் என்ன செய்வது? அது தீர்ப்பு என்று நினைக்காதீர்கள், அது ஒரு கால அட்டவணை. அன்றைக்கே ஈரல் மாற்று மையத்துக்கு அனுப்ப வேண்டும். எடை ஏற, பித்தம் குறைவாக இருந்தாலும் உடலில் சேரும் எம்.சி.டி. கொழுப்பு கலந்த உணவு, ஏ, டி, இ, கே வைட்டமின்கள், மாற்றுக்கு முன்பே போட்டு முடிக்கவேண்டிய, வலுக்குறைத்த உயிர்க்கிருமிகளால் ஆன தடுப்பூசிகள், வீட்டில் யார் ஈரல் கொடுக்கலாம் என்ற பரிசோதனை எல்லாம் உடனே தொடங்க வேண்டும். வயிற்றில் நீர் கோத்து, குழந்தை மெலிந்த பிறகு ஓடினால் மாற்று அறுவையின் பலனும் குறைகிறது. 1998-ல் இந்தியாவில் முதன்முதலாக வெற்றி கண்ட குழந்தை ஈரல் மாற்று இதே நோய்க்குத்தான். காஞ்சிபுரத்துக் குழந்தை, வயது 20 மாதம், ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அப்பா. அந்தப் பிள்ளை வளர்ந்து மருத்துவரே ஆகிவிட்டார்.

எண் நன்றாக வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பித்தம் வடிந்தாலும் ஈரலின் தழும்பு முழுக்க மறைவதில்லை. பலருக்குப் பின்னாளில் மாற்று தேவைப்படும். குடலிலிருந்து கிருமி மேலேறி பித்தக்குழாயில் சீழ் பிடிப்பதும் உண்டு. காய்ச்சலோடு மலம் வெளிறினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே வாருங்கள். செவிலியர்களே, டிஸ்சார்ஜ் காகிதத்தில் இதையும் மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனைத் தேதியையும் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.