பனை வைத்தவனின் கணக்கு

தலைவர் அவர்களே, சனசமூக நிலையத்து உறவுகளே, வணக்கம்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு தம்பி கேட்டார்: "சேர், ரொக்கெட் கம்பனியிலும் குவாண்டம் கம்பனியிலும் காசு போடலாமோ?" கனடாவில் இருக்கும் அண்ணன் போட்டிருக்கிறாராம். சரி, இன்றைய பேச்சை அந்தக் கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன்.

தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பார்கள். விண்வெளி வணிகம் பனை. காய்க்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காய்க்கும்வரை வீட்டுச் செலவை யார் பார்ப்பது என்று நான் கேட்கிறேன்.

இரிடியம் என்ற செய்மதித் தொலைபேசி நிறுவனம் 66 செய்மதிகளுக்காக ஏறக்குறைய 5 பில்லியன் டொலர் செலவழித்தது. 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. 1999 ஓகஸ்டில் வங்குரோத்து. செய்மதிகளில் பிழை இல்லை. அவை மேலே போய்ச் சேருவதற்குள் சாதாரணக் கைத்தொலைபேசி ஊரெல்லாம் பரவிவிட்டது. இவர்களின் கருவியோ செங்கல் கனம், விலை 3,000 டொலர் அளவில், வீட்டுக்குள் எடுக்காது. வாடிக்கையாளர் வருமுன் வங்கிக் கடனின் தவணை வந்துவிட்டது. பிறகு அந்தச் சொத்தை 25 மில்லியன் டொலருக்கு வாங்கியவர்கள், அதே செய்மதிகளை வைத்துத் தொழில் நடத்தினார்கள். நகையை அடைவு வைத்துப் பனங்கொட்டை நட்ட கதை இது.

ஈலோன் மஸ்க்கின் ரொக்கெட் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸின் முதல் 3 ரொக்கெட்டுகளும் சுற்றுப்பாதையை எட்டவில்லை. 4ஆவது, 2008 செப்டெம்பரில் எட்டியது. அந்த டிசெம்பரில் நாசா 12 சரக்குப் பயணங்களுக்கு 1.6 பில்லியன் டொலர் ஒப்பந்தம் கொடுத்தது. 2006இலேயே, வேலை கட்டம் கட்டமாக முடிய முடியக் காசு தரும் ஏற்பாட்டையும் நாசா செய்திருந்தது. தனியார் துணிச்சலை வியக்கும்போது பொறுமையான அந்த அரச வாடிக்கையாளரைச் சொல்லாமல் விடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

2015 டிசெம்பரில் ரொக்கெட்டின் கீழ்ப்பகுதி திரும்பித் தரையிறங்கியது. 2017 மார்ச்சில் அப்படித் திரும்பிய ஒன்று மறுபடி பறந்தது. அதனால் மட்டும் இலாபம் வராது. லொறி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்: லொறி ஓடினாலும் நின்றாலும் லீசிங் காசு கட்டத்தான் வேண்டும். கொழும்புக்கு வெங்காயம் ஏற்ற ஆள் இல்லாத நாளில் சொந்தச் சரக்கையாவது ஏற்றவேண்டும். ஸ்பேஸ்எக்ஸ் ஏற்றிய சொந்தச் சரக்குத்தான் ஸ்டார்லிங்க், செய்மதி வழியாக இணையம் தரும் சேவை. 2019இல் 60 செய்மதிகளோடு தொடங்கி, 2025 ஜூலையில் இலங்கைக்கும் வந்துவிட்டது. இன்று அவர்களின் பறப்புகளில் பெரும்பகுதி இந்தச் சரக்குக்கே.

குவாண்டம் கணினி, அதாவது அணு அளவுத் துகள்களின் விதிகளை வைத்துக் கணக்குப் போடும் இயந்திரம், இன்னும் வடலி. பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது சாதாரணக் கணினிக்குக் கடினம் என்பதை நம்பித்தான் இன்றைய இரகசியக் குறியீடுகள் பலவும் இருக்கின்றன. குவாண்டம் கணினியில் அதை வேகமாகச் செய்யும் முறையைக் கணித அறிஞர் பீட்டர் ஷோர் 1994இல் காட்டினார். அந்த முறையைக் கொண்டு அந்தக் குறியீடுகளை உடைக்கும் அளவுக்கு ஓர் இயந்திரம் இன்றுவரை இல்லை. இந்த நிறுவனங்களுக்கு வருமானம் பெரும்பாலும் ஆராய்ச்சி ஒப்பந்தங்களிலும், தங்கள் கணினியை இணையவழி வாடகைக்கு விடுவதிலும் வருகிறது. தம்பி, அண்ணன் வடலிக்குப் பனை விலை கொடுத்திருக்கிறார். வட்டிக்கு எடுத்த காசா என்று இரவு போன் எடுத்துக் கேளுங்கள்.

நமக்குப் பக்கத்தில் நடப்பதையும் சொல்லவேண்டும். இந்தியாவின் ஏவுதளமான சிறீகரிக்கோட்டாவில் இருந்து, வட தென் துருவங்களுக்கு மேலால் சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் ரொக்கெட், இலங்கைக்கு மேலால் பறக்காமல் வளைந்து போகிறது. வளைவுக்கு எரிபொருள் வேண்டும், அந்த அளவுக்குச் சரக்குக் குறையும். சின்ன ரொக்கெட்டுக்கு அது கட்டாது. அதனால்தான் 2024 பெப்ரவரியில் தமிழ்நாட்டின் தென்கரையில் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து நேரே தெற்கே கடல். வரைபடம் கொண்டுவந்திருக்கிறேன். பின்னால் நிற்கும் பிள்ளைகள் முன்னுக்கு வாருங்கள்.