கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கட்டட வேலையில் வீல்பேரோ என்றும், தோட்ட வேலையில் தள்ளுவண்டி என்றும் சொல்கிற ஒற்றைச் சக்கர வண்டியைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. கடைக்குப் போனால் எல்லாரும் தொட்டியைத்தான் பார்க்கிறோம். விரலால் தட்டி, சத்தம் கேட்டு, பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து விலை பேசிவிடுகிறோம். பாரம் ஏற்றுகிற வண்டியில் முதலில் கெடுவது பெரும்பாலும் தொட்டிக்கு அடியில் இருப்பவை: சக்கரம், அச்சு, கால் சேருமிடம். அதனால் வண்டியைத் தரையில் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறும், மாறட்டும்.

அதற்கு முன்னால் எதை ஏற்றப் போகிறீர்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். 90 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் மக்கிய தொழு உரத்தை நிரப்பினால் ஐம்பது, அறுபது கிலோதான் வரும். ஈர மணல் என்றால் 160 கிலோவை ஒட்டிப் போகும். கான்கிரீட் கலவையை விளிம்பு வரை கொட்டினால் 200 கிலோவைத் தாண்டிவிடும். தொட்டி ஒன்றுதான், எடையோ நான்கு மடங்கு வித்தியாசம். வண்டியில் 100 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால், கலவைக்கு அதில் பாதித் தொட்டிக்கும் கொஞ்சம் குறைவுதான் கணக்கு. உரம், வைக்கோல், தழை அள்ளப் பெரிய தொட்டி நல்லது. கலவைக்கும் ஜல்லிக்கும் சின்னத் தொட்டியும் கனத்த சட்டமும் உள்ளதுதான் சரி. பெரிய தொட்டி இருந்தால் ஆட்கள் அதை நிரப்பத்தான் செய்வார்கள்.

இப்போது கவிழ்த்த வண்டிக்கு வருவோம். கைப்பிடியிலிருந்து சக்கரம் வரை இரண்டு பக்கமும் ஒரே குழாயாக வளைந்து வருகிறதா, நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறதா? ஒட்டு இருந்தால், அது காலுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. பாரத்தோடு வண்டியைத் தொப்பென்று இறக்கும்போது அடி முழுவதும் விழுவது அங்கேதான். இரண்டு கால்களுக்கும் இடையே குறுக்குப் பட்டை வேண்டும். அது இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் கால்கள் கவட்டை மாதிரி விரிந்துவிடும். வெல்டிங் இழை தொடர்ச்சியாக ஓட வேண்டும். அங்கங்கே பொட்டு வைத்து, மேலே கெட்டியாகப் பெயிண்ட் பூசி மறைத்திருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

தகட்டுக்குக் கேஜ் எண் சொல்வார்கள். அதில் ஒரு குழப்பம் உண்டு: எண் கூடக் கூடத் தகடு மெலியும். 16 கேஜ் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9. கல், ஜல்லி, கலவை என்றால் 16 கேஜைவிட மெல்லிய தகட்டுக்குப் போகாதீர்கள். சாணம், உரம் மட்டும் என்றால் நல்ல கனமான பிளாஸ்டிக் தொட்டியே போதும், துருப் பிடிக்காது. எந்தத் தொட்டியானாலும் விளிம்பு உருட்டி மடித்திருக்க வேண்டும். உள்ளே போல்ட் தலை துருத்திக்கொண்டிருந்தால், மண்வெட்டி போடும்போதெல்லாம் அதில்தான் இடிக்கும்.

சக்கரத்தைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொட என்றால் உள்ளே அச்சைச் சுற்றிப் பிளாஸ்டிக் புஷ், அதாவது வெறும் வளையம், இருக்கலாம். கனத்த பாரத்தில் அது முட்டை வடிவமாகத் தேய்ந்து, சக்கரம் கோணி ஓடும். குண்டுகள் உருளும் பால் பேரிங் கேளுங்கள்; கிரீஸ் அடிக்க நிப்பிள் இருந்தால் இன்னும் நல்லது. காற்று டயர்களில் பரவலாகக் கிடைப்பது 4.00-8 அளவு. அதாவது அகலம் 4 அங்குலம், ரிம் 8 அங்குலம். மணலிலும் சேற்றிலும் காற்று டயர்தான் ஓடும். கெட்டி ரப்பர் அங்கே புதைந்துகொண்டு நகராது. ஆனால் கருவேல முள் கிடக்கிற நிலத்திலும், ஆணி சிதறிய இடிபாட்டிலும் தினம் பஞ்சர் ஒட்டுவதைவிடக் கெட்டி டயரே மேல்.

காற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எவ்வளவு அடிக்கலாம் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். லாரிக்கு அடிக்கிற கணக்கில் இதற்கு அடித்தால் டயர் வெடிக்கும். பல வண்டிகளில் ரிம் இரண்டு வட்டத் தகடுகளைப் போல்ட் போட்டுச் சேர்த்ததாக இருக்கும். அந்தப் போல்ட்டுகளைக் கழற்றுமுன் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரிம் முகத்தில் அடிக்கும். காற்று குறைவாக இருந்தாலும் கெடுதல்தான். டயர் ரிம்மின் மேல் வழுக்கி, டியூபின் வால்வை அடியோடு பிய்த்துவிடும்.

அடுத்தது இடுப்பு வலிக்கான கணக்கு. அச்சிலிருந்து கைப்பிடி வரை 150 சென்டிமீட்டர், பாரத்தின் மையம் அச்சிலிருந்து 50 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 120 கிலோ ஏற்றினால் கையில் விழுவது 40 கிலோ. அதே பாரம் 65 சென்டிமீட்டருக்குப் பின்வாங்கினால் 52 கிலோ. 40-க்கு முன்னேறினால் 32-தான். ஒரே மூட்டை, ஒரே ஆள், ஒரே வண்டி. ஆகவே தொட்டி சக்கரத்தின் மேல் எவ்வளவு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஏற்றும்போதும் மூட்டையைச் சக்கரத்தை ஒட்டி வையுங்கள். பழைய சீன வண்டிகள் சிலவற்றில் பெரிய சக்கரம் நட்டநடுவில் இருக்கும். பாரம் முழுவதையும் சக்கரமே சுமக்கும், ஆள் தள்ளிச் சமன் பார்த்தால் போதும்.

சிமெண்டு விற்கிற கடையாக இருந்தால் 50 கிலோ மூட்டை ஒன்றைத் தொட்டியில் வைத்துத் தூக்கிப் பாருங்கள். முதுகை வளைக்காமல், கை நேராகத் தொங்கும் நிலையிலேயே வண்டியின் கால்கள் தரையைவிட்டு எழும்ப வேண்டும். இரண்டடி நடங்கள். வண்டிக் கால் முழங்காலுக்குக் கீழே இடித்தால் அந்த வண்டி உங்கள் உயரத்துக்கு ஆகாது. தள்ளப் போகிறவரையே கூட்டிக்கொண்டு போவது உத்தமம்.

இரட்டைச் சக்கர வண்டி சாயாது என்று சொல்லி விற்பார்கள். சிமெண்டுத் தரையில் அது உண்மை. சாரப் பலகையிலும் வரப்பிலும் அது ஏறாது. பக்கச் சரிவில் வண்டியோடு பாரமும் சாயும், கையால் நிமிர்த்தவும் வராது.

வாங்கி ஒரு வாரம் ஓட்டியபின் எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். புதுப் பெயிண்ட் நசுங்கி அவை தளர்ந்திருக்கும். கலவை தூக்கிய நாளில் தொட்டியை அன்றைக்கே கழுவுங்கள். காய்ந்த கலவையைச் சுத்தியலால் தட்டித்தான் பல தொட்டிகள் ஓட்டையாகின்றன. வேலை முடிந்ததும் மழைத் தண்ணீர் தேங்காதபடி வண்டியைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள், கைப்பிடி மேலே, சக்கரம் கீழே. வணக்கம்.