பின்லாந்தில் மரம் சாயும்போது தரையில் என்ன நடக்கிறது?

(காட்சி: ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே, கணுக்கால் உயரத்தில் கேமரா நகர்கிறது.)

வணக்கம். பின்லாந்துக் காட்டுக்குள் போனால் எல்லோரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். நாம் இன்று குனிந்து பார்ப்போம்.

முழங்கால் உயரம்கூட இல்லாத இந்தப் புதர்தான் பில்பெர்ரி. கோடையில் கருநீலப் பழம் பழுக்கும். காடு யாருடையதாக இருந்தாலும் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், அங்கே அது வழிவழியாக வந்த உரிமை. கேப்பர்கேய்லி என்ற பெரிய காட்டுக்கோழியின் குஞ்சுகள் இந்த இலைகளில் ஊரும் புழுக்களைத் தின்றுதான் வளர்கின்றன.

பில்பெர்ரியின் உயிர் மண்ணுக்குள் இருக்கிறது. இஞ்சி, மஞ்சளைப் போல இதற்கும் மண்ணடித் தண்டு உண்டு. ஆனால் இது மெல்லிசு. மேலாக இருக்கும், இலைதழை மக்கிய மக்குக்குள்ளேயே கயிறு மாதிரி நீண்டு ஓடும். புதுத் தளிர்கள் அதிலிருந்துதான் வரும். விதை முளைத்து நிலைப்பது அபூர்வம்.

(காட்சி: மரமே இல்லாத பரப்பு. நடுவே பழுப்புநிறப் பள்ளங்கள்.)

இது மொட்டைவெட்டு. ஒரு பரப்பில் இருக்கும் மரங்களை ஒரேயடியாகச் சாய்த்துவிடுவார்கள். நிழல் போய், வெயில் நேராக இறங்கும். தரையை மெத்தை போல மூடியிருக்கும் பாசிக்குத் தண்ணீர் உறிஞ்ச வேர் கிடையாது, அதனால் அதுதான் முதலில் காயும். அங்கே ஒருவகைப் பாசி ஆண்டுக்கு ஒரு படியாக, ஏணி போல வளரும். படிகளை எண்ணினால் வயது தெரியும். அவ்வளவு பொறுமையாக வளர்ந்தது ஒரே கோடையில் பழுப்பாவதைப் பார்க்க மனசு கேட்காது.

வெட்டியதோடு முடிவதில்லை. கன்று நடுவதற்காக இயந்திரம் மக்கைக் கிளறி அடிமண்ணை வெளியே கொண்டுவரும். பில்பெர்ரியின் தண்டு அறுபடுவது அங்கேதான். காலியான இடத்தைப் புல் பிடித்துக்கொள்ளும். பில்பெர்ரி பழையபடி பரவப் பல பத்தாண்டுகள் ஆகும்.

சரி, வேறு வழியே இல்லையா? இருக்கிறது. பெரிய மரங்களில் சிலவற்றை மட்டும் பொறுக்கி வெட்டலாம். முன்பு அதுவும் நடந்தது. நல்ல மரங்களையே எடுத்து எடுத்துக் காடு நலிந்துவிட்டது என்று 1948-ல் வனத்துறை நிபுணர்கள் ஆறு பேர் அதற்கு எதிராக அறிக்கை விட்டார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் அதன்பின் மொட்டைவெட்டே வழக்கமாகிப்போனது, தரையைக் கணக்கில் எடுத்தவர்கள் குறைவு. 2014-ல் திருத்திய வனச் சட்டம்தான் பொறுக்கி வெட்டுவதற்கு மறுபடி வழிவிட்டது.

(காட்சி: பனி மூடிய காடு. மரங்களுக்கிடையே இயந்திரத் தடம்.)

பொறுக்கி வெட்டினால் பாதி நிழல் மிஞ்சும். பில்பெர்ரிக்குப் பிடித்தது அதுதான். தடம் பதிந்த இடத்தில் செடி நசுங்கும், உண்மை. அந்த வெட்டையும் நிலம் உறைந்த குளிர்காலத்தில் செய்தால், பனி மெத்தை போலத் தாங்கிக்கொள்ளும். வசந்தத்தில் பனி உருகும்போது, தடத்தின் ஓரத்திலேயே பச்சைத் தண்டுகள் நிமிர்ந்து நிற்கும்.