விட்டில் இறகும் புளிச்ச வாடையும்

(கோவையில் படச்சுருள் சேகரிப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, ஈரோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் கொடுத்த ஆலை அதிபர் அவர்களே, பொன்னாடை போர்த்திய அம்மணி அவர்களே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

மூன்று சொல்ல வந்தேன்: 'மாத்லைட்' என்ற படம் எப்படிப் பிறந்தது, அதன் சுருளைச் சேகரிக்கிறவர்கள் ஏன் தேடுகிறார்கள், என்ன விலை.

1963. அமெரிக்காவில் ஸ்டான் பிராக்கேஜ் என்ற சோதனைப் பட இயக்குநர். காமிராவே இல்லாமல் எடுத்த படம்தான் 'மாத்லைட்'. விளக்கில் விழுந்து செத்த விட்டில்களின் இறகு, பூவிதழ், புல். எல்லாவற்றையும் ஓரத்தில் துளை போட்ட, ஃபிலிம் ஒட்டுகிற இரண்டு 16 எம்.எம். டேப்புக்கு நடுவே வைத்து அழுத்தினார். நம்ம வீட்டு வாசலில் பெருக்கித் தள்ளுகிற குப்பைதானுங்க! பிரேம், அதாவது ஒவ்வொரு படக்கட்டம் என்ற கணக்கே கிடையாது. ஒரே இறகு பல பிரேம்களில் நீண்டு கிடக்கும். அதனால் திரையில் இறகு துடிக்கிறது. மூலச்சுருள் மேடுபள்ளம், புரொஜக்டரில் ஓடாது. லேபில் பிரதி எடுத்துத்தான் காட்டினார்கள். சத்தமில்லை, சுமார் 4 நிமிடம். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும். செத்த பூச்சியும் மணந்தது.

ஏன் தேடுகிறார்கள்? டிஜிட்டலில் கிடைக்கும். ஆனால் ஒளி ஃபிலிமின் ஊடே வரும் துடிப்பு வேறுங்க.

வாங்கும்போது டப்பாவைத் திறந்து முகருங்கள். காடி வாடை வந்தால் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதைகிறது. புது ஃபிலிமில் 100 ஓரத் துளையை அளவாக வையுங்கள். அந்த நீளத்தில் பழைய சுருளில் 101 துளை வந்தால் சுருக்கம் சுமார் 1 சதவீதம். புரொஜக்டரில் ஏற்றினால் துளையைக் கிழித்துவிடும். பூவோடு சேர்ந்த நார் மணக்குமென்றேன். காடியோடு சேர்ந்த சுருளும் அப்படித்தான் நாறும். தனியே எடுத்து வையுங்கள். குளிரிலிருந்து எடுத்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள், வியர்த்துவிடும்.

விலை... அதை விடுங்க. 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் புரொஜக்டரோடு ஊர் ஊராய்ப் படம் காட்டினார். 1914-இல் இங்கேயே வெரைட்டி ஹால் என்ற சினிமாக் கொட்டகை கட்டினார். அந்தப் பெயரில் சாலை இருக்கிறது. நம்ம சுருள்களை வைக்க ஒரு குளிர் அறை இருக்கிறதா? பஞ்சுக்குக் கிட்டங்கி கட்டினோம், மஞ்சளுக்குக் கட்டினோம். ஆலை அதிபர் அவர்கள் எதிரிலேயே இருக்கிறார்கள், கேட்டுவிட்டேன்.

பரணில் கல்யாணச் சுருள் வைத்திருப்பவர்கள் நன்றியுரை முடிந்ததும் வாசல் மேசைக்கு வாருங்கள். முகர்ந்து பார்த்துச் சொல்கிறோம்.