எச்சம் விழும் ஏரி

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் வேடந்தாங்கல் போனவர்களுக்கு அந்த வாடை நினைவிருக்கும். ஏரிக்கரையில் ஏறும்போதே மூக்கில் ஏறும் மீன் நெடி. தண்ணீருக்குள் இடுப்பளவு முங்கி நிற்கும் நீர்க்கடம்பு மரங்களின் இலை, கிளை எல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்திருக்கும். எல்லாம் பறவை எச்சம். கூட வந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்த எச்சத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். உணவுச் சங்கிலி என்றால் என்ன என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது அந்த ஏரிக்கரையில்தான்.

பள்ளியில் எல்லோரும் வரைந்திருக்கிறோம். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு, நடுவில் அம்புக்குறிகள். அந்த அம்பு எதைக் காட்டுகிறது என்று கேட்டால் பலரும் தடுமாறுவார்கள். அது ஆற்றல் போகும் திசை. சூரிய வெளிச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பயிரும் பாசியும் பிடித்து உணவாக்குகின்றன. அதைத் தின்ற நத்தைக்கு அந்த ஆற்றல் போகிறது, நத்தையைத் தின்ற நாரைக்குப் போகிறது. சரி, முழுதாகப் போகிறதா?

ஒரு நண்பகலில் காட்சி கோபுரத்தில் நின்று, நத்தைகுத்தி நாரையின் கூடு ஒன்றை பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். தாயோ தகப்பனோ தெரியாது, இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வெயிலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு இறக்கையையும் குடைபோல விரித்து நின்றது. அந்த நிழலில் மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்து, தொண்டை துடிதுடிக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அரை மணி நேரத்துக்கு மேல் அது அசையவில்லை. விடியற்காலையில் வயலில் பொறுக்கிய நத்தையின் வலுவெல்லாம் அப்படி நிற்பதிலேயே செலவாகிறது. பறப்பது, மூச்சு விடுவது, உடம்பைச் சூடாக வைத்திருப்பது, குஞ்சுக்கு நிழல் தருவது எல்லாம் செலவுதான். கடைசியில் அது வெப்பமாகக் காற்றில் கலந்துவிடும். எந்தப் பாசியாலும் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. மறுநாள் சூரியன் புதிதாகக் கொடுத்தால்தான் உண்டு.

இந்தச் செலவுக் கணக்கை ஒரு நீர்நிலையில் உட்கார்ந்து முதன்முதலில் முறையாகப் போட்டவர்களில் ஒருவர் ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்க இளைஞர். மின்னசோட்டாவில் சீடர் பாக் லேக் என்ற சின்னஞ்சிறு ஏரியில் பாசி, புழு, பூச்சி, மீன் என்று ஒவ்வொன்றாக அளந்தார். அவருடைய கட்டுரை 1942-ல் வெளிவந்தது. ஆனால் அச்சில் பார்க்க அவர் இல்லை; அதே ஆண்டில், 26 வயதில் இறந்துவிட்டார். அவர் தொடங்கிவைத்த வழியில் வந்ததுதான் நாம் படிக்கும் பத்து சதவீதக் கணக்கு. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் ஏறும். இடத்துக்கு இடம் கூடும், குறையும். பாசியில் 1000 பங்கு இருந்தால், அதைத் தின்னும் சிற்றுயிரில் 100, அதைத் தின்னும் மீனில் 10, மீனைத் தின்னும் கூழைக்கடாவில் 1.

இப்போது வேடந்தாங்கலுக்கு வருவோம். அந்த ஏரி ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான். அங்கே கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, கரண்டிவாயன், வக்கா, அரிவாள்மூக்கன் என்று ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. லிண்டெமன் கணக்கைப் போட்டால், அவற்றுக்கும் குஞ்சுகளுக்கும் அந்த ஓர் ஏரி எந்த மூலைக்கு? அதனால்தான் அவை மதுராந்தகம் ஏரிக்கும், சுற்று வட்டாரத்தில் உள்ள சிறு ஏரிகளுக்கும் நெல் வயல்களுக்கும் போய் வயிற்றை நிரப்பிக்கொண்டு திரும்புகின்றன. எத்தனையோ ஊர்த் தண்ணீரில் விழுந்த வெயில், மீனாகவும் நத்தையாகவும் மாறி, பறவையின் தொண்டையில் ஏறி இங்கே வந்து சேர்கிறது.

ஆற்றல் இங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தீராது. அவை எச்சமாகத் தண்ணீரில் விழுந்து கரைந்து, மதகு வழியாக நெல் வயலுக்குப் போகின்றன. அந்த ஊர் விவசாயி ஒருவர் மடையைத் திறந்துவிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இந்தத் தண்ணி பாய்ஞ்சா உரத்தைக் குறைச்சுக்கலாம் சார்." பாடப் புத்தகம் நாலு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அவருடைய முன்னோர்களுக்கும் இது தெரிந்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். சூழலியல் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் மெய் சிலிர்க்கும்.

அப்புறம், கவலை தரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். படி ஏற ஏற ஆற்றல் கரைகிறது, ஆனால் சில நஞ்சுகள் கரைவதில்லை. ஒரு பறவை நூற்றுக்கணக்கான மீன்களைத் தின்று அவற்றின் வலுவைச் செலவழித்துவிடும். அத்தனை மீனிலும் இருந்த டிடிடி என்ற பூச்சிக்கொல்லி மருந்து மட்டும் கொழுப்பில் தங்கிவிடும். கலிபோர்னியா கரைக்கு அப்பால் அனகாபா தீவில், நம் கூழைக்கடாவுக்கு உறவான பழுப்புக் கூழைக்கடாக்கள் 1970-ல் 552 முறை கூடு கட்ட முயன்றன. பிழைத்தது ஒரே ஒரு குஞ்சு. டிடிடியால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடை தாங்காமல் உடைந்துபோனது. 1972-ல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. பறவை மீண்டு, ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வர 2009 ஆகிவிட்டது.

வேடந்தாங்கல் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, மகிழ்ச்சிதான். ஆனால் பறவை சாப்பிடுவது வேலிக்கு வெளியே. பக்கத்து ஊர் ஏரி தூர்ந்துபோனாலும், வயலில் தெளித்த மருந்தில் நத்தை செத்தாலும், பட்டினி கிடப்பது இந்த மரத்தில் இருக்கும் குஞ்சு.

இந்த சீசனில் போனால், மாலை ஐந்தரை மணி வரை கரையில் இருங்கள். கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று பாருங்கள். அந்தப் பக்கம் எந்த ஏரி இருக்கிறது, அதில் இப்போது தண்ணீர் இருக்கிறதா என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

வணக்கம்.