தண்ணீர் சிவந்து வந்தது

நேயர்கள் எல்லாருக்கும் என் அன்பான வணக்கம்.

உகாண்டாவிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் எங்கள் ஊரில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். “தம்பி, ஆப்பிரிக்காவுக்குப் போய் என்ன ஊழியம் செஞ்சே?” பிரசங்கம் செய்தேன், ஞானஸ்நானம் கொடுத்தோம் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். நான் அங்கே செய்தது அடிபம்பு ரிப்பேர். அதிலும் ஒன்றைக் கெடுத்துவிட்டுத்தான் வந்தேன். இன்று உங்களிடம் சொல்ல வந்தது அந்தக் கதையைத்தான்.

நான் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சின்ன கிராமத்துக்காரன். அப்பா போர்வெல் மோட்டார் மெக்கானிக். பாலிடெக்னிக் முடித்துவிட்டு நானும் அவரோடு அதே வேலையில் இருக்கிறேன். எங்கள் சேகரத்து, அதாவது எங்கள் திருச்சபை வட்டாரத்து, வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஆறு பேர் ஆறு வாரத்துக்குப் புறப்பட்டோம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டபோதே எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மிஷனரி ஆகிவிட்டேன் என்று நினைப்பு.

எண்டபே விமான நிலையத்தில் இறங்கும்போது ஜன்னலில் விக்டோரியா ஏரி தெரிந்தது. கடல் என்றே நினைத்தேன். அங்கிருந்து கம்பாலா வழியாக, மபிரா காட்டைத் தாண்டி, நைல் நதி ஏரியை விட்டுப் புறப்படும் ஜிஞ்சா நகரம். அதற்கும் கிழக்கே புசோகா நாட்டில் ஒரு கிராமம். வழி நெடுக மண் சிவப்பு. எங்கள் பக்கத்துத் தேரி மண்ணை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன்மேல் முழுக்கப் பச்சை. வாழையும் சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும். வாழைக்காயை இலையில் பொதிந்து அவித்து, மேலே நிலக்கடலைக் குழம்பை ஊற்றித் தருவார்கள். மத்தோக்கே என்று பெயர். முதல் நாள் தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சப்பாத்திக்கு அங்கேயும் சப்பாத்தி என்றுதான் பெயர். நம் நாட்டிலிருந்து போனவர்கள் கொண்டுபோனது.

அப்படிப் போனவர்களின் கதை ஜிஞ்சாவில் இன்னும் கட்டடங்களாக நிற்கிறது. 1972 ஆகஸ்டில் உகாண்டா அதிபர் இடி அமீன் ஆசியர்கள் எல்லாரும் 90 நாளில் வெளியேற வேண்டும் என்று சொன்னான். கடையையும் வீட்டையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கடைத்தெருவில் ஒரு வயதான அம்மா என் முகத்தைப் பார்த்து, “உங்க தாத்தா கடை எது?” என்று கேட்டார். எங்கள் தாத்தா உகாண்டாவையே பார்த்ததில்லை என்றேன். அவர் நம்பவில்லை. இந்த மண்ணில் என் நிறத்து மனுஷனுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அங்கே முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை ‘ஜெபலேகோ’. யாரைப் பார்த்தாலும் சொல்கிறார்கள். தோட்டத்தில் கொத்துகிறவரைப் பார்த்து, தண்ணீர் சுமக்கிற பிள்ளையைப் பார்த்து, சும்மா நடந்துபோகிற என்னைப் பார்த்தும். என் காதில் அது ‘ஜெபம்’ என்று விழுந்தது. ரொம்பப் பக்தியான ஊர், எல்லாரும் ஜெபம் பண்ணச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அந்த ஊர்ப் போதகர்தான் விளக்கினார். ‘நீ செய்த வேலைக்கு நன்றி’ என்று அர்த்தமாம். வணக்கமே அதுதான். தனக்காகச் செய்த வேலை என்றுகூட இல்லை, நீ ஏதோ வேலை செய்திருப்பாய், அதற்கு நன்றி.

அந்தப் போதகர் என்னிடம், “உங்க ஊருக்கு யார் சுவிசேஷம் கொண்டுவந்தாங்க?” என்று கேட்டார். சி.எம்.எஸ்., அதாவது இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சொசைட்டியைச் சொன்னேன். அதன் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த கதையைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உகாண்டாவுக்கு 1877-இல் ஆள் அனுப்பியதும் அதே சி.எம்.எஸ்.தான். “அப்போ நாம ஒரே வீட்டுப் பிள்ளைங்க, நீங்க மூத்தவங்க” என்றார். மூத்தவன் என்று சொன்னது எனக்கு இனித்தது. அதை நான் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது.

அந்த மிஷனில் வந்தவர்களில் எனக்கு நெருக்கமானவர் அலெக்சாண்டர் மக்கே. ஸ்காட்லாந்துக்காரர், என்ஜினியர். 1878-இல் உகாண்டா வந்தார். மத்தேயு சுவிசேஷத்தை அந்நாட்டு லுகண்டா மொழியில் மொழிபெயர்த்தார், அச்சு இயந்திரத்தை ஓட்டினார், கொல்லுப்பட்டறை வைத்தார். வேலை செய்கிற வெள்ளைக்காரர் என்றே அவருக்குப் பட்டப்பெயர். ஒருமுறை ஆழமாகக் கிணறு வெட்டி அதில் பம்பு வைத்தாராம். தண்ணீர் தானாக மேலே ஏறி வருவதைப் பார்த்த ஜனங்கள் அவரையே தெய்வம் என்று கூவினார்களாம். அவரோ, ஐயா, இது செம்பால் செய்த யானைத் தும்பிக்கை, அவ்வளவுதான் என்று விளக்கினாராம். ஊர் போக அவருக்கு வாய்க்கவில்லை. 1890-இல் காய்ச்சல் கண்டு ஏரியின் தென்கரையில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 40.

சரி, நம் பம்புக்கு வருகிறேன். அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அடிபம்பு. பார்த்த மாத்திரத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீளக் கைப்பிடி, சதுரத் தலை, உள்ளே சைக்கிள் செயின் மாதிரி ஒரு செயின். எங்கள் ஊர்க் கோயில் முன்னால் இருக்கிற அதே பம்பு! இந்தியா மார்க் 2. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பக்கம் வறட்சி நிவாரணம் செய்த மிஷன் ஆட்கள் கைப்பம்பைத் திருத்திப் பார்த்த அனுபவத்திலிருந்து, 1970-களில் யுனிசெஃப் உதவியோடு உருவானது. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் போர்வெல்களில் வைத்துத்தான் சோதித்தார்கள். சென்னையில் தயாரித்தார்கள். உகாண்டாவில் அதற்கு யூ-2 என்று பெயர். ஆறாயிரம் கிலோமீட்டர் கூட இருக்காது, ஆனாலும் வேறு உலகம் என்று நினைத்துப் போன இடத்தில், சின்ன வயதில் நான் தொங்கி விளையாடிய கைப்பிடி.

நாற்பது ஐம்பது தடவை அடித்தால்தான் தண்ணீர் வந்தது. மஞ்சள் கேன்களை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்பிள்ளைகள் காத்திருந்தார்கள். எனக்கு நோய் உடனே பிடிபட்டது. கீழே சிலிண்டரில் வாஷர் தேய்ந்திருக்கிறது. நம்மூர் வேலை! மறுநாளே இறங்கிவிட்டோம். மார்க் 2-இல் வாஷர் மாற்ற வேண்டுமானால் மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். மூன்று மீட்டர் குழாய் பன்னிரண்டு. கிளாம்பு போட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கி, கழற்றிக் கழற்றி அடுக்கினோம். ஊரே கூடிவிட்டது. மதியத்துக்குள் வாஷர் மாற்றி, திரும்ப இறக்கி, நான்காவது அடியில் தண்ணீர் கொட்டியது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். பிள்ளைகள் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மக்கேயைப் பற்றி அவ்வளவு படித்திருந்தவன், அந்த நேரத்தில் யானைத் தும்பிக்கையை மறந்தேபோனேன்.

கூட்டத்துக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும். சைக்கிள் கேரியரில் இரண்டு பெரிய பைப் ரிஞ்சு கட்டியிருந்தது. ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் போதகரிடம் யார் அவர் என்று கேட்டேன். இந்த வட்டாரத்தின் பம்பு மெக்கானிக் என்றார். ஊரில் தண்ணீர்க் குழு இருக்கிறது, வீட்டுக்கு இவ்வளவு என்று மாதம் பிரிக்கிறார்கள், அதிலிருந்து அவருக்குக் கூலி. அவருடைய வேலையைத்தான் நான் இலவசமாகச் செய்திருக்கிறேன். “அப்படியா, பரவாயில்லை, உங்களுக்குக் காசு மிச்சம்தானே” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

பதினாறாம் நாள் குழாய் அறுந்தது. சிலிண்டரும் அதன்மேல் எட்டுக் குழாயும் போர்வெல்லுக்குள் விழுந்துவிட்டன.

அந்த மெக்கானிக்கைத் தேடி நானே போனேன். ஐந்து மைல், ஒற்றையடிப் பாதை. கொட்டகை வாசலில் உட்கார வைத்து, முதலில் தேநீர் கொடுத்தார். அப்புறம் போதகரை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். “தண்ணி சிவந்து வந்ததே, பார்த்தியா மகனே?”

பார்த்திருந்தேன். செம்மண் ஊர், மண்தான் என்று நினைத்தேன். அது துரு. அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் லேசான புளிப்பு உண்டு. இரும்புக் குழாயின் துத்தநாகப் பூச்சை அது தின்றுவிடும், அப்புறம் இரும்பைத் தின்னும். முதலில் அரிப்பது மறை வெட்டிய இடத்தை. துணி வெளுத்தால் மஞ்சள் கறை பிடிக்கும், தேநீர் போட்டால் கறுத்துப்போகும். பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். நாங்கள் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. குழாயை மாற்றாமல் வாஷரை மட்டும் மாற்றியதால் வேகமாக அடித்தார்கள். சுமை ஏறி, அரித்த மறை விட்டுக்கொடுத்தது. இதையெல்லாம் அந்த மனிதர் அன்றைக்கே சொல்லியிருப்பார். கேட்டிருந்தால்.

மறுநாள் வந்தார். உள்ளே விழுந்த குழாயைக் கவ்விப் பிடிக்க, தானே வளைத்துச் செய்த ஒரு கொக்கிக் கருவி. இரண்டு நாள், கயிற்றைத் தாழ்த்துவதும் தூக்குவதுமாக. கயிற்றில் விரலை வைத்தே முப்பது மீட்டருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று சொன்னார். என் அப்பா அப்படித்தான் மோட்டார்க் கயிற்றைப் பிடித்துப் பார்ப்பார். நான் அவர் சொன்ன பக்கம் இழுத்தேன், அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்தினேன். இரண்டாம் நாள் சாயங்காலம் கொக்கி மாட்டியது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து “ஜெபலேகோ” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பழைய குழாய்கள் உதவாது, புதிதாகத் துரு ஏறாத குழாய் வாங்க வேண்டும். கையில் பணம் இல்லை. அந்த நிலைமையிலேயே நாங்கள் புறப்படும் நாள் வந்துவிட்டது.

புறப்படும் முந்தின ஞாயிறு ஆராதனையைச் சொல்லாமல் விட முடியாது. கோயில் மணி என்பது மரத்தில் கட்டித் தொங்கவிட்ட லாரி ரிம்தான். அதைத் தட்டினால் மேட்டுக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும். காணிக்கை நேரத்தில் காசு இல்லாதவர்கள் வாழைத்தார், முட்டை, ஒரு சேவல், சோளம் என்று கொண்டுவந்து பீடத்தருகே வைத்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஏலம்! எங்கள் ஊர் ஸ்தோத்திரப் பண்டிகையில் பூசணிக்காயையும் முருங்கைக்காயையும் ஏலம் விடுவோமே, அதே கூச்சல், அதே சிரிப்பு, ஏலம் எடுத்தவரே பொருளைத் திரும்பக் கோயிலுக்குக் கொடுப்பதுவரை. பம்பு நின்றுபோய், சதுப்பு நிலத்து ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்த ஜனங்கள், எங்கள் வழிச்செலவுக்கென்று அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள். வாங்க மாட்டேன் என்றேன். போதகர் தனியே அழைத்து, “கொடுக்கிற பாக்கியம் உங்களுக்கு மட்டுமா?” என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன்.

ஜிஞ்சாவுக்குத் திரும்பும் வழியில், பிஷப் ஹானிங்டன் கொல்லப்பட்ட பகுதிக்குக் கூட்டிப்போனார்கள். 1885 அக்டோபர் 29. பகைவர் வருவார்கள் என்று அஞ்சிய கிழக்கு வழியாக வந்தார் என்பதற்காக, உகாண்டாவுக்குள் இருந்த புகாண்டா என்ற அரசின் மன்னன் முவாங்கா உத்தரவிட்டுக் கொல்லச் செய்தான். அவரோடு மூட்டை தூக்கி வந்த ஏறத்தாழ ஐம்பது ஆப்பிரிக்கர்களில் மிகப் பெரும்பாலோரும் அங்கேயே வெட்டுண்டார்கள். பிஷப்பைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. அந்தச் சுமைகாரர்களின் பெயர்களை நான் எதிலும் படித்ததில்லை. சைக்கிளைப் பிடித்தபடி கூட்டத்துக்கு வெளியே நின்ற அந்த மனிதரைத்தான் அங்கே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்ததும் கோயிலில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். கைப்பிடியைப் பிடித்து நிற்கும் போட்டோவைத் திரையில் போடத் தயாராக வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லி, இப்போது உங்களிடம் சொன்னதையே சொன்னேன். அந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலப் பணத்தை எங்கள் சபைக் குருவான ஐயரவர்கள் அப்படியே உகாண்டாவுக்கு அனுப்பச் சொன்னார்கள். எங்கள் தெருப் பாட்டி ஒருவர், கண் சரியாகத் தெரியாதவர், அடைக்கு வைத்திருந்த பதினோரு முட்டையை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து போதகரிடமிருந்து ரசீதின் படம் வந்தது. துரு ஏறாத குழாய் பன்னிரண்டு, சிலிண்டர் ஒன்று, கடைசி வரியில் மெக்கானிக் கூலி, பக்கத்தில் அவர் கையெழுத்து. கூடவே ஒரு குரல் பதிவு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் போனை மைக்கருகே பிடித்து எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். முதலில் கைப்பிடி கிறீச்சிடும் சத்தம், அப்புறம் கேனில் தண்ணீர் விழும் சத்தம், அதற்கப்புறம் அவருடைய குரல், “ஜெபலேகோ, ஜெபலேகோ.”

பாட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “என்னய்யா, ஜெபம் பண்ணுதாரா?”

அர்த்தத்தைச் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என் கையிலிருந்த போனின் பக்கம் குனிந்து, உரத்த குரலில், “நீங்களும்தான்யா பாடுபட்டீங்க” என்றார்.

நன்றி, வணக்கம்.