கொஞ்சம் நஞ்சு அமிர்தம் ஆகுமா?

போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனசை விட்டுப் போகவே இல்லை. "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அப்படியானால் அளவு குறைந்தால் நஞ்சும் அமிர்தமா? ஆலைக் கழிவு கொஞ்சமாகக் கலந்தால் பரவாயில்லையா?" குறும்பான கேள்விதான், ஆனால் சோதனைக்கூடத்தில் நிஜமாகவே இப்படி நடக்கிறது.

1880களில் ஜெர்மனியில் ஹூகோ ஷூல்ஸ் என்ற மருந்தியல் அறிஞர் ஈஸ்ட்டை வைத்து ஆராய்ந்தார். சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட் நொதிக்கும்போது எவ்வளவு கரியமில வாயு வருகிறது என்று அளப்பார். பாதரசக் குளோரைடு மாதிரி கிருமிநாசினியைக் கலந்தால் நொதிப்பு அடங்க வேண்டும். அடங்கியது. மிகமிகக் குறைவாகக் கலந்தபோதோ வாயு கூடுதலாக வந்தது! ஏதோ பிழை என்றுதான் அவரே நினைத்தார். திரும்பச் செய்தும் அதேதான். கொஞ்சம் நஞ்சு இப்படித் தூண்டிவிடுவதற்கு ஹார்மெசிஸ் என்ற பெயர் 1943இல்தான் வந்தது. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைகளை ஆராய்ந்தவர்கள் வைத்த பெயர் அது.

சரி, ஏன் இப்படி? இங்கிலாந்தில் ஸ்டெபிங் என்பவர், செடிபோலக் கிளைவிடும் குட்டிக் கடலுயிரி ஒன்றைத் தாமிரம் லேசாகக் கலந்த நீரில் வளர்த்தார். நஞ்சு பட்டதும் வளர்ச்சி தடுமாறுகிறது. அதை ஈடுகட்டப் போய் தேவைக்கு மேலே ஓடிவிடுகிறது. சைக்கிள் பழகுகிறவர் ஹேண்டிலை அதிகமாகத் திருப்பிவிடுவதைப்போல.

பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்கு நான் அடுத்து என்ன கேட்பேன் என்று தெரியும்: எதை அளந்தார்கள்? ஒருவர் வாயுவை அளந்தார், இன்னொருவர் வளர்ச்சியை. அந்த உயிர் சௌக்கியமா என்று அந்தக் கணக்கு சொல்லாது. எங்கள் பெரியப்பா எலுமிச்சையைத் தண்ணீர் விடாமல் காயப்போடுவார். இலை சுருண்ட பிறகு பாய்ச்சினால் பூத்துத் தள்ளும். மரத்துக்குச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "பயந்துபோய்ப் பூக்குதுடா" என்பார். ஒரு வருஷம் மோட்டார் பழுதாகி, காயப்போட்டது பத்து நாள் கூடிவிட்டது. இரண்டு மரம் திரும்பவே இல்லை. அப்போதும் இதே கேள்விதான்: எதை அளந்தோம்? பூவைத்தான்.

சோதனைக்கூடத்தில் ஒரு நஞ்சு, ஓர் உயிர், சொட்டுக் கணக்கு. ஆலைக் கழிவு கலக்கும் கால்வாயில் அப்படியா? பாசிக்கு ஒன்றும் செய்யாத தாமிரம் பக்கத்தில் நீந்தும் நீர்த்தெள்ளு என்ற குட்டி உயிரியைக் கொன்றுவிடலாம். திங்கட்கிழமை வருகிற கழிவும் வெள்ளிக்கிழமை வருகிறதும் ஒன்றல்ல. "கொஞ்சம் கலந்தால்" என்கிறீர்களே, அந்தக் கொஞ்சத்தை அங்கே நின்று அளக்கிறவர் யார்? இதை யாராவது கேட்டு அனுப்புங்கள், தனி வீடியோவே போடலாம்.